எஸ்எம்இயிலிருந்து மெயின்போர்டு: பங்கு விலை என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கடந்த நாலைந்து வருடமாக என் மேசைக்கு வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: "இந்தக் கம்பெனி மெயின்போர்டுக்குப் போகுதாமே, விலை ஏறுமா?" போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது அவசரத்தில் பாதி விட்டுப்போகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில்களைச் சேர்த்திருக்கிறேன். கம்பெனிப் பெயர் சொல்லாத இடங்களில் வரும் விலைகள், கணக்குப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை.

எஸ்எம்இ, மெயின்போர்டுன்னு சொல்றாங்களே, ரெண்டும் வேற வேற மார்க்கெட்டுங்களா?

எக்ஸ்சேஞ்ச் ஒன்றுதான், அதற்குள் இரண்டு தளங்கள்: பிரதானத் தளமான மெயின்போர்டு, சிறு கம்பெனிகளுக்கான எஸ்எம்இ. சிறு, நடுத்தரக் கம்பெனிகள் பணம் திரட்டுவதற்காக மும்பை பங்குச் சந்தையான பிஎஸ்இ 2012 மார்ச்சில் எஸ்எம்இ தளத்தைத் தொடங்கியது. அதே வருடம் செப்டம்பரில் தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயின் எஸ்எம்இ தளம் 'எமர்ஜ்' வந்தது. எமர்ஜில் முதலாவதாகப் பட்டியலானது நம்ம சென்னையின் தேஜோ இன்ஜினியரிங். பிற்பாடு அதுவும் மெயின்போர்டுக்குப் போய்விட்டது.

வெளியீடு முடிந்தபின் செலுத்தப்பட்ட மூலதனம் 25 கோடி ரூபாயைத் தாண்டாத கம்பெனிகளுக்கான இடம் இது. இங்கே பலர் குழம்புகிறார்கள். செலுத்தப்பட்ட மூலதனம் என்பது பங்குகளின் எண்ணிக்கையை முகமதிப்பால் பெருக்கினால் வருவது. சந்தை மதிப்பு வேறு. 10 ரூபாய் முகமதிப்பில் 1 கோடிப் பங்கு இருந்தால் மூலதனம் 10 கோடி. அந்தப் பங்கு சந்தையில் 400 ரூபாய்க்குப் போனால் சந்தை மதிப்பு 400 கோடி.

முதலீட்டாளர் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசங்கள் மூன்று. எஸ்எம்இயில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று வாங்க முடியாது, குறிப்பிட்ட எண்ணிக்கை கொண்ட கட்டாக, அதாவது லாட்டாகத்தான் வாங்க வேண்டும். பட்டியலான நாளிலிருந்து குறைந்தது 3 வருடத்துக்கு மார்க்கெட் மேக்கர் என்று ஒரு தரகர் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்புறம், கணக்கு முடிவுகள் காலாண்டுக்கு ஒருமுறை வராது, அரையாண்டுக்கு ஒருமுறைதான் வரும்.

கம்பெனி மாறும்போது என்கிட்ட இருக்கிற பங்கு என்ன ஆகும்? புதுசா ஏதாவது அப்ளை பண்ணணுமா?

எதுவும் செய்ய வேண்டாம். டிமேட்டில் இருக்கும் பங்கு அப்படியே இருக்கும், பங்கின் அடையாளமான ஐஎஸ்ஐஎன் எண்ணும் அதேதான். நீங்கள் விற்கவும் இல்லை, புதிதாக வாங்கவும் இல்லை. ஆகவே வரிக் கணக்கில் வாங்கிய தேதியும் விலையும் பழையபடியே தொடரும். நீண்டகால லாபம் என்று கணக்கிட ஒரு வருடம் ஆகிவிட்டதா என்பதை முதலில் வாங்கிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

மாறுவது வர்த்தகத் தொடரின் குறியீடு. என்எஸ்இயில் எஸ்எம் அல்லது எஸ்டி என்று இருந்தது இக்யூ அல்லது பிஇ ஆகும். இதனால் வரும் ஒரு சின்னத் தொல்லையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குறித்த விலை வந்ததும் தானாகப் போகும்படி நீங்கள் போட்டுவைத்த ஜிடிடி ஆர்டர்கள் பெரும்பாலும் ரத்தாகிவிடும். சில ஆப்களில் விலை வரைபடம் புதிய நாளிலிருந்தே தொடங்கும், பழைய சரித்திரம் காணாமல் போன மாதிரி தெரியும். விலை இறங்கினால் தானாக விற்கும் ஸ்டாப்லாஸ் போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் தூங்கிவிடாமல், மாறிய அன்று காலையில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மாறினாலே விலை ஏறும்னு எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?

ஏறுவதும் உண்டு, இறங்குவதும் உண்டு. தளம் மாறுவதால் கம்பெனியின் விற்பனை ஒரு ரூபாய் கூடக் கூடுவதில்லை, தொழிற்சாலையில் ஒரு இயந்திரமும் சேர்வதில்லை. யார் வாங்க முடியும், எவ்வளவு சுலபமாக வாங்கி விற்க முடியும், எவ்வளவு அடிக்கடி தகவல் வெளிவரும் என்ற மூன்று விஷயங்கள் மாறுகின்றன. விலை நகர்வதெல்லாம் இந்த மூன்றின் வழியாகத்தான். கீழே உள்ள பதில்களை இதை மனதில் வைத்துப் படித்தால் போதும்.

அதெப்படிங்க, வாங்குற வசதி கூடினா மட்டும் விலை ஏன் ஏறணும்?

ஒரு எஸ்எம்இ பங்கின் ஆர்டர் திரையைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். லாட் 600 பங்கு. வாங்குபவர் வரிசையில் மேலே நிற்பவர் கேட்பது 182 ரூபாய், ஒரு லாட். அவருக்குக் கீழே 179.50, இன்னும் ஒரு லாட். விற்பவர் வரிசையில் மேலே 189.50. இடையில் ஏழரை ரூபாய் வெறும் பள்ளம். இப்போது நீங்கள் 189.50க்கு ஒரு லாட் வாங்கினால் 1,13,700 ரூபாய் போகும். அடுத்த நிமிடமே மனம் மாறி விற்றால் 182 கிடைக்கும், அதாவது 1,09,200. கம்பெனியில் எதுவும் நடக்கவில்லை, சந்தையிலும் எதுவும் நடக்கவில்லை. போய் வந்ததற்கு மட்டும் 4,500 ரூபாய் செலவு, தரகும் வரியும் தனி.

இந்தச் செலவு எல்லோருக்கும் தெரியும். அதனால் வாங்குபவர்கள் ஆரம்பத்திலேயே அதைக் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார்கள். பட்டா இருந்தும் வண்டி போகப் பாதை இல்லாத நிலத்துக்கு நம் ஊரில் விலை குறைத்துக் கேட்பதில்லையா, அதே கணக்கு. லாட் கட்டாயம் நீங்கி, ஒரு பங்கு இரண்டு பங்கு என்று வாங்குபவர்கள் உள்ளே வந்தால் திரையில் இடைவெளி 20, 25 பைசாவாகச் சுருங்கும். அப்போது அந்தக் கழிவும் சுருங்கும். விலையில் நியாயமாகச் சேரும் பகுதி இதுதான்.

இன்னொன்றும் உண்டு. பெரிய மியூச்சுவல் ஃபண்டுகள் எஸ்எம்இ பங்குகளை அநேகமாகத் தொடுவதில்லை. 50 கோடிக்கு வாங்க வேண்டிய ஃபண்டு, நாளுக்கு 30 லாட் கைமாறும் பங்கில் எப்படி நுழையும், எப்படி வெளியே வரும்? மெயின்போர்டில் வர்த்தகம் பெருகினால் அந்தக் கதவு திறக்க வாய்ப்பு உண்டு. ஆனால் திறந்த கதவு வழியாக யாரும் வந்தே தீர வேண்டும் என்று கட்டாயம் கிடையாது.

யார் வேணும்னாலும் மாறிக்கலாமா? என்ன தகுதி?

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி செலுத்தப்பட்ட மூலதனம் 10 கோடியைத் தாண்டியிருந்தால், பங்குதாரர் ஒப்புதலோடு விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு எக்ஸ்சேஞ்சும் தன் நிபந்தனைகளைச் சேர்க்கும். 2025இல் என்எஸ்இ அவற்றை நன்றாகவே இறுக்கியது. எமர்ஜில் குறைந்தது 3 வருடம் இருந்திருக்க வேண்டும், கடந்த நிதியாண்டில் வருவாய் 100 கோடியைத் தாண்டியிருக்க வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. இவை மாறிக்கொண்டே இருப்பதால், எக்ஸ்சேஞ்சின் கடைசிச் சுற்றறிக்கையைப் பாருங்கள். பழைய யூடியூப் வீடியோவை நம்பி "இந்தக் கம்பெனி அடுத்த வருடம் மாறிவிடும்" என்று வாங்கியவர்கள், விதி இறுகியதும் தவித்ததை நேரில் பார்த்தேன்.

ஒப்புதலிலும் ஒரு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. தபால் வாக்கெடுப்பில், கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் புரமோட்டர்களின் வாக்கு எண்ணிக்கையில் சேராது. மற்ற பங்குதாரர்களின் எதிர்ப்பு வாக்கு 10 லட்சம் என்றால், ஆதரவு வாக்கு குறைந்தது 20 லட்சம் இருக்க வேண்டும். உங்கள் மின்னஞ்சலுக்கு வரும் வாக்குரிமை அழைப்பைக் குப்பையில் போடாதீர்கள். சிறு பங்குதாரருக்கு இவ்வளவு எடை கிடைக்கும் சந்தர்ப்பம் அபூர்வம்.

போர்டு மீட்டிங்கில் மாறப் போறோம்னு அறிவிச்சாங்க. அன்னைக்கே வாங்கலாமா?

மாறுதல் ஒரே நாளில் நடக்கும் காரியம் இல்லை. முதலில் இயக்குநர் குழு தீர்மானம், பிறகு தபால் வாக்கெடுப்பு, அதன் முடிவு, எக்ஸ்சேஞ்சுக்கு விண்ணப்பம், கொள்கை அளவிலான ஒப்புதல், கடைசியில் தேதி அறிவிப்பு. சில மாதங்கள் பிடிக்கும். இந்தப் படிகள் எல்லாமே பொதுவில் அறிவிக்கப்படுபவை. மாறும் நாள் வரும்போது அது யாருக்கும் புதிய செய்தியாக இருப்பதில்லை.

என் கண்ணுக்குப் பட்டவரை, ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அறிவிப்புக்குச் சற்று முன்பிலிருந்து தேதி அறிவிப்பு வரைக்குள் நடந்துவிடுகிறது. கம்பெனியின் மூலதனம், வருவாய், பட்டியலான வருடம் மூன்றையும் பார்த்து யார் தகுதிக்கு அருகில் இருக்கிறார்கள் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பார்கள். மெல்லிய சந்தையில் நாலு பேர் சேர்ந்து வாங்கினாலே அன்றைய விலை வரம்பான சர்க்யூட்டைத் தட்டும். அறிவிப்பைப் பார்த்து வாங்குபவர் அவர்களிடமிருந்துதான் வாங்குகிறார்.

நானே ஒருமுறை அப்படித்தான் தேதி அறிவிப்பு வந்த பிறகு ஒரு லாட் வாங்கினேன். மாறிய முதல் வாரத்தில் தினமும் ஒன்றிரண்டு சதவீதமாக இறங்கி, இரண்டு மாதத்தில் என் விலையிலிருந்து கால்பங்கு குறைந்தது. கம்பெனியின் தொழிலில் ஒரு குறையும் இல்லை. நான் கொடுத்த விலையில் வரப்போகும் வசதி முழுவதும் ஏற்கெனவே சேர்ந்திருந்தது.

மெயின்போர்டுக்குப் போறதுக்கு முன்னாடி போனஸ் கொடுத்தாங்க. மறுநாள் பாத்தா விலை பாதியாகிப்போச்சு, ஏமாத்திட்டாங்களா?

இல்லை. மூலதனம் 10 கோடியைத் தாண்ட வேண்டும் என்று தகுதி பற்றிய பதிலில் சொன்னேன் அல்லவா, அதற்குப் பல கம்பெனிகள் எடுக்கும் வழி போனஸ். மூலதனம் ஆறரைக் கோடி என்றால், ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் 13 கோடி. கையிருப்பு நிதியிலிருந்து மூலதனக் கணக்குக்கு எழுத்து மாறுகிறது, வெளியிலிருந்து பணம் வருவதில்லை. 300 ரூபாய் விலையில் 600 பங்கு வைத்திருந்தவரிடம் 150 ரூபாய் விலையில் 1,200 பங்கு இருக்கும். இரண்டும் 1,80,000 ரூபாய்தான்.

புதுப் பங்குகள் டிமேட்டில் ஏற இடைவெளி இருப்பதால் அந்த நாட்களில் நஷ்டம் போலத் தெரியும். இப்படி ஒருவர் பதறிப்போய், இருந்த 600 பங்கையும் பாதி விலைக்கு விற்றுவிட்டு அதற்கப்புறம் என்னிடம் வந்தார். போனஸ் பங்கு அவருக்கு வந்துசேர்ந்தது, ஆனால் வைத்திருக்க நினைத்த முதலீட்டில் பாதி கையைவிட்டுப் போயிருந்தது.

மாறின பிறகு விலை இறங்குதே, அது ஏன்?

காரணங்கள் பல, ஒரே நேரத்தில் சேர்ந்து வரும் என்பதுதான் சங்கடம். முதல் காரணம், இதுவரை விற்க முடியாமல் இருந்தவர்கள் இப்போது விற்கலாம். அகலமான கதவு உள்ளே வருபவருக்கும் வெளியே போபவருக்கும் ஒன்றுதான். மாறுதலை எதிர்பார்த்து வாங்கியவர்களும் வந்த காரியம் முடிந்தது என்று கிளம்புவார்கள்.

இரண்டாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. எஸ்எம்இ வெளியீட்டில் புரமோட்டர்களின் குறைந்தபட்சப் பங்களிப்பான 20 சதவீதம் 3 வருடம் பூட்டி வைக்கப்படும். மார்க்கெட் மேக்கர் கட்டாயமும் 3 வருடம். என்எஸ்இயில் மாறுவதற்குத் தேவையான காலமும் இப்போது 3 வருடம். மூன்று கடிகாரமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடிக்கின்றன. மாறும் கம்பெனியில் புரமோட்டர் பங்கு சதவீதம் அடுத்தடுத்த பங்குதாரர் பட்டியல்களில் குறைகிறதா என்று நான் முதலில் பார்ப்பது இதனால்தான். கொஞ்சம் விற்பது தவறு என்று சொல்லவில்லை. ஆனால் "புதிய உயரத்துக்குப் போகிறோம்" என்று பேட்டி கொடுத்துக்கொண்டே, கிடைத்த வசதியில் தன் பங்கை இறக்கிக்கொண்டிருந்தால், அவருடைய கை சொல்வதை நம்புங்கள்.

மார்க்கெட் மேக்கர் போயிட்டா ஆபத்துங்களா?

நல்ல வர்த்தகம் உள்ள பங்குக்கு அவர் தேவைப்படமாட்டார், வாங்குபவரும் விற்பவரும் தாங்களே சந்தித்துக்கொள்வார்கள். ஆனால் மெயின்போர்டுக்கு வந்தும் ஆள் சேராத பங்குகள் இருக்கின்றன. அங்கே முன்பு மேக்கர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே விலையும் இல்லாமல் போகும். மாறிய பிறகு ஒரு மாதம் தினசரி டெலிவரி அளவை, அதாவது அன்றே விற்கப்படாமல் டிமேட்டுக்குப் போகும் பங்குகளின் அளவைக் குறித்துவைத்துப் பாருங்கள். முதல் வாரக் கூட்டம் கலைந்தபின் நிற்கும் அளவுதான் அந்தப் பங்கின் நிஜமான புழக்கம்.

காலாண்டு ரிசல்ட் வர ஆரம்பிச்சா நல்லதுதானே?

முதலீட்டாளருக்கு நல்லது, சந்தேகமே இல்லை. விலை அமைதியாக இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அரசு ஒப்பந்த வேலை செய்யும் ஒரு கம்பெனிக்கு வருட வருமானத்தில் பாதி ஜனவரி முதல் மார்ச் வரை வரலாம். அரையாண்டுக் கணக்கில் அந்த மேடுபள்ளம் ஓரளவு மறைந்திருந்தது. காலாண்டாகப் பிரித்ததும் ஜூன் காலாண்டில் லாபம் சரிந்ததாகத் தெரியும். பழக்கமில்லாதவர்கள் விற்பார்கள். முந்தைய காலாண்டோடு ஒப்பிடாமல், போன வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். அந்தக் கணக்கைக் கம்பெனி அதே அறிக்கையிலேயே தர வேண்டும்.

மெயின்போர்டுக்கு வந்துட்டாலே செபி செக் பண்ணின தரமான கம்பெனின்னு அர்த்தம்தானே?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் சொல்வது இரண்டு குஜராத் கம்பெனிகளின் கதை. இரண்டும் சூரிய மின்சாரத் தொழில். இரண்டும் 2019இல் பிஎஸ்இயின் எஸ்எம்இ தளத்தில் பட்டியலானவை, ஒன்று ஜனவரியில், மற்றது அக்டோபரில். வெளியீட்டு விலையும் பக்கத்துப் பக்கத்தில்: 80 ரூபாய், 83 ரூபாய். முதலாவது இன்றைய கேபிஐ கிரீன் எனர்ஜி, 2021இல் மெயின்போர்டுக்குப் போனது. இரண்டாவது ஜென்சால் இன்ஜினியரிங், 2023இல் போனது.

கேபிஐ கிரீனில் உற்பத்தித் திறனும் லாபமும் வளர்ந்தன, பங்கு பல மடங்கானது. ஜென்சாலும் 2024இல் 1,000 ரூபாயைத் தாண்டியது. பிறகு 2025 ஏப்ரல் 15 அன்று செபியின் இடைக்கால உத்தரவு வந்தது. 6,400 மின்சாரக் கார்கள் வாங்கக் கடன் பெற்ற கம்பெனி 4,704 கார்களே வாங்கியிருந்தது என்றும், கடன் பணம் புரமோட்டர்கள் தொடர்புடைய இடங்களுக்குத் திருப்பிவிடப்பட்டது என்றும், கடன் கொடுத்த நிறுவனங்களின் பெயரில் போலிக் கடிதங்கள் காட்டப்பட்டன என்றும் அதில் செபி முதற்கட்டமாகக் கண்டிருந்தது. அந்த மாதத்தில் விலை 150 ரூபாய்க்குக் கீழே கிடந்தது. அதற்குள் பங்குதாரர் எண்ணிக்கை 1 லட்சத்தைத் தாண்டியிருந்தது. எஸ்எம்இயிலேயே இருந்திருந்தால் லாட் விலை தடுத்திருக்கும், இத்தனை சிறு முதலீட்டாளர்கள் உள்ளே வந்திருக்க முடியாது. இதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது. தகுதி நிபந்தனை என்பது மூலதனம், வருவாய், காலம் என்று எண்ணக்கூடிய விஷயங்களைத்தான் பார்க்கிறது. நேர்மையை அளக்க அதில் கட்டம் கிடையாது.

எஸ்எம்இ பக்கமும் எச்சரிக்கை குறைவில்லை. 2024 ஆகஸ்ட் 28 அன்று செபி பொது அறிவிப்பே கொடுத்தது. சில கம்பெனிகளும் புரமோட்டர்களும் தங்கள் நிலைமையை மிகைப்படுத்திக் காட்டி, அதோடு போனஸ், பங்குப் பிரிப்பு என்று அறிவித்து விலையை ஏற்றி, அந்த விலையில் விற்று வெளியேறுகிறார்கள் என்று அதில் சொல்லியிருந்தது. போனஸ் கேள்விக்கான பதிலை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

25 கோடிக்கு மேல போனா கட்டாயம் மாறணும்னு சொன்னாங்களே, என் கம்பெனி ஏன் மாறலை?

முன்பு அப்படித்தான் இருந்தது. புதுப் பங்கு வெளியிட்டு மூலதனம் 25 கோடியைத் தாண்டினால் மாறியே ஆக வேண்டும். மாறும் தகுதி இல்லாத கம்பெனி, பணம் திரட்டவும் முடியாமல் நின்றது. 2025 மார்ச்சில் செபி இதைத் தளர்த்தியது. மெயின்போர்டு கம்பெனிகளுக்கு உள்ள பட்டியல் விதிமுறைகளைக் கடைப்பிடித்தால் எஸ்எம்இயிலேயே இருந்துகொண்டு கூடுதல் பங்கு வெளியிடலாம். ஆகவே "25 கோடி தாண்டப்போகிறது, கட்டாயம் மாறும், ஏறும்" என்ற பழைய கணக்கு இனி பொருந்தாது.

மெயின்போர்டுக்கு வந்தும் இன்ட்ராடே பண்ண முடியலை. பிஇன்னு காட்டுது. அது என்ன?

பிஇ என்பது டிரேட் டு டிரேட் தொடர், பிஎஸ்இயில் டி குரூப். இங்கே வாங்கினால் டெலிவரி எடுத்தே ஆக வேண்டும், அன்றே விற்றுக் கணக்கை நேர்செய்ய முடியாது. விலை வரம்பும் வழக்கமாக 5 சதவீதத்துக்குள் இருக்கும். எந்தத் தொடரில் வரப்போகிறது என்பதை மாறுதல் சுற்றறிக்கையிலேயே எக்ஸ்சேஞ்ச் சொல்லிவிடும்.

இதுவும் ஒருவகை இடமாற்றம்தான், விலையை பாதிக்கும். அன்றாட வியாபாரிகள் விலகுவதால் புழக்கம் குறையும், மேலே சொன்ன பள்ளம் மறுபடி அகலும். 2018இல் ஏஎஸ்எம் என்ற கூடுதல் கண்காணிப்பு வந்தபோது, பட்டியலில் பெயர் வந்தாலே பங்கு விழுவதைப் பார்த்தோம். எக்ஸ்சேஞ்சுகள் அப்போதும் இப்போதும் சொல்வது, இது கம்பெனிக்கு எதிரான தண்டனை இல்லை, விலையின் போக்கை மட்டும் பார்த்து எடுக்கும் நடவடிக்கை என்பது. கடனுக்கு வாங்கியவர்கள் முழு மார்ஜின் பணத்தையும் முன்கூட்டியே கட்ட முடியாமல் விற்பதால் வரும் சரிவும், தொழில் கெட்டு வரும் சரிவும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். காரணம் பார்த்துப் பிரிக்க வேண்டியது நம் வேலை.

எஃப் அண்ட் ஓவில் சேர்த்தா ஏறும்னு சொல்றது?

எஃப் அண்ட் ஓ என்பது ஃபியூச்சர், ஆப்ஷன் என்ற முன்பேர ஒப்பந்தங்களின் சந்தை. அது இதைவிடப் பெரிய கம்பெனிகளின் விஷயம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 ஆகஸ்ட் 30இல் செபி நுழைவுத் தகுதியை உயர்த்தியது. சராசரி தினசரி டெலிவரி மதிப்பு 10 கோடியிலிருந்து 35 கோடி ஆனது. அந்த நவம்பரில் சொமேட்டோ, ஜியோ ஃபைனான்ஷியல், எல்ஐசி உள்பட 45 பங்குகள் சேர்க்கப்பட்டன. சேர்ந்ததும் நிலையான சர்க்யூட் வரம்பு நீங்கும், ஃபியூச்சர் விற்று இறக்கத்துக்கும் பந்தயம் கட்டலாம். அதுவரை ஏறும் என்று நம்புபவர்கள் மட்டுமே விலையைத் தீர்மானித்த பங்கில், இறங்கும் என்று நினைப்பவர்களுக்கும் இடம் கிடைக்கிறது. அதனால் ஏற்றத்துக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

வெளிநாட்டில எல்லாம் இப்படி இருக்கா? அங்க என்ன ஆகுது?

ஜப்பானில் இது ரொம்ப சுவாரசியமானது. டோக்கியோ சந்தையில் முன்பு முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மதர்ஸ், ஜாஸ்டாக் என்று இருந்தது. முதல் பிரிவுக்கு உயர்ந்தால் டோபிக்ஸ் குறியீட்டில் தானாகவே இடம் கிடைக்கும். அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகள் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வாங்கியே ஆக வேண்டும். ஆகவே பதவி உயர்வுச் செய்தி வந்தாலே விலை ஏறும், அதற்கு முன்பே வாங்கிவைக்க ஒரு கூட்டமே இருந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று பிரைம், ஸ்டாண்டர்ட், குரோத் என்று மூன்றாக மாற்றி அமைத்தபோது, பிரிவுக்கும் டோபிக்ஸுக்கும் இருந்த தானியங்கித் தொடர்பையும் வெட்டிவிட்டார்கள்.

நம் நாட்டில் அந்தத் தானியங்கி வாங்குதல் கிடையாது. மெயின்போர்டுக்கு வந்ததற்காக நிஃப்டி 500, மைக்ரோகேப் 250 போன்ற குறியீடுகளில் இடம் கிடைக்காது. சந்தை மதிப்பு வரிசையில் தகுதி பெற வேண்டும், அரையாண்டு மறுஆய்வில் தேர்வாக வேண்டும். "இன்டெக்ஸ் ஃபண்டு எல்லாம் வாங்கும்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் இதைக் கேளுங்கள்: எந்த இன்டெக்ஸ், எப்போது மறுஆய்வு?

லண்டனில் ஏஐஎம் என்ற சிறு கம்பெனிச் சந்தை 1995இல் தொடங்கியது. அங்கிருந்து பிரதானச் சந்தைக்குப் போனவர்களையும், அங்கிருந்து ஏஐஎம்முக்கு இறங்கியவர்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மேலே போகிறோம் என்ற அறிவிப்புக்குச் சராசரியாக 5 சதவீத அளவில் ஏற்றம், கீழே போகிறோம் என்றால் அதே அளவு இறக்கம். ஆனால் அடுத்த ஒரு வருடத்தில் போக்கு எதிர்த்திசையில் திரும்பியது. என் சொந்த அனுபவமாக மேலே எழுதியதை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

போனஸ் வந்து என்கிட்ட 1,500 பங்கு இருக்கு, லாட் 1,200. மிச்சம் 300ஐ விக்கவே முடியலை. மெயின்போர்டு வரைக்கும் காத்திருக்கட்டுமா?

சாயிபாபா காலனியிலிருந்து வரும் ஒரு அக்கா போன மாதம் கேட்டது. மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்த 300 பங்கை மட்டும் விற்றால் போதும் அவருக்கு. எஸ்எம்இயில் ஒரு லாட்டுக்குக் குறைவாக வைத்திருப்பவர் தன் முழு இருப்பையும் மார்க்கெட் மேக்கரிடம் ஒரே தடவையில் விற்கலாம் என்று வழி இருக்கிறது. ஆனால் அவர் இருப்பு 1,500, அதில் துண்டாக 300 மட்டும் விற்க அது உதவாது. இப்போது 1,200ஐ ஒரு லாட்டாக விற்றால், மீதி 300 முழு இருப்பாகிவிடும், பிறகு அதை மேக்கரிடம் கொடுக்கலாம். 300 மட்டும் விற்று 1,200ஐ வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மெயின்போர்டு வரை காத்திருக்க வேண்டியதுதான். அங்கே 300 பங்கையும் விற்கலாம், வெறும் மூன்று பங்கையும் விற்கலாம்.

அக்காவிடம் நான் சொன்னது: கட்டணம் கட்டக் கடைசித் தேதி இருக்கிறது, கம்பெனி மாறுவதற்குத் தேதி இல்லை. தபால் வாக்கெடுப்பு முடிவே இன்னும் வரவில்லை. அவர் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்க யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு லாட்டை 5 சதவீத இடைவெளியில் விற்றால் எவ்வளவு போகும், நகைக் கடனுக்கு 6 மாத வட்டி எவ்வளவு ஆகும் என்று இரண்டையும் காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். அவர் விஷயத்தில் வட்டிதான் குறைவாக வந்தது. பங்கைத் தொடாமல் எழுந்து போனார். உங்கள் இரண்டு எண்ணும் வேறாக இருக்கும், எழுதிக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.